எட்வர்ட் குக்: கொள்கை வீரரா, பதவி இழந்தவரா?

மழைப்பாடி:
காரணம் காட்டாமல் சிறைப்பிடிப்பது போன்ற மன்னரின் அத்துமீறல்களை எதிர்த்து இங்கிலாந்து நாடாளுமன்றம் கொண்டுவந்த 1628-ஆம் ஆண்டின் உரிமை மனுவுக்காக, ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் குக்கைச் சுதந்திரத்தின் காவலராகப் போற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1603-இல் வின்செஸ்டரில் கடலோடி வால்டர் ராலே மீதான தேசத்துரோக வழக்கை அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக, நடத்தியவர் இவர்தான். தம்மைக் குற்றம் சாட்டிய காபம் பிரபுவை நேரில் நிறுத்தி விசாரிக்கும்படி ராலே மன்றாடியபோது, சட்டம் அதற்கு இடம் தராது என்றார் குக். போதாததற்கு, மரியாதைப் பன்மையை விட்டு 'நீ' என்று ஒருமையில் விளித்துத் 'துரோகி' என ஏசினார். 1616-இல் தலைமை நீதிபதிப் பதவி பறிபோன பிறகே அவருக்கு மக்களின் உரிமை நினைவுக்கு வந்தது.

தாழைமடல்:
ராலே வழக்கில் அவர் நடந்துகொண்ட விதத்தை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் உங்கள் கடைசி வரி காலவரிசைக்கு ஒவ்வாது. மன்னர் ஜேம்ஸ் தாமே வழக்குகளைத் தீர்க்க முற்பட்டபோது, சட்டம் நெடுங்காலப் பயிற்சியால் மட்டுமே கைவருவது என்று 1607-இலேயே, அதாவது பதவியில் இருக்கும்போதே, குக் மறுத்தார். 1616-இல் நீதிபதிகள் அனைவரும் மன்னர்முன் மண்டியிட்டனர். இனி அவர் கேட்டுக்கொண்டால் வழக்கை நிறுத்திவைப்பீர்களா என்ற கேள்விக்கு மற்றவர்கள் இசைந்தனர். குக் மட்டும், நீதிபதி ஒருவர் செய்யத் தக்கதைச் செய்வேன் என்றார். அந்த ஆண்டே பதவி போயிற்று.

மழைப்பாடி:
1607-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் குக் எழுதிவைத்த அறிக்கை வழியாகவே அறிகிறோம். மன்னர் சினந்ததும் அவர் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகச் சமகாலக் கடிதம் ஒன்று சொல்கிறது. தவிர, 1617-இல் மன்னரின் தயவை மீட்பதற்காக, விருப்பமில்லாத மகள் ஃபிரான்சஸை, மன்னருக்கு மிக நெருக்கமான பக்கிங்ஹாமின் அண்ணனுக்கு மணமுடித்தார். பெற்ற மகளின் சம்மதத்தைப் பொருட்படுத்தாதவரை உரிமைக் காவலர் என்று எப்படிச் சொல்வது?

தாழைமடல்:
அந்தத் திருமணம் கொடுமைதான். அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அதன் பயனாக மன்னரின் ஆலோசனைச் சபையில் திரும்பக் கிடைத்த இடத்தை 1621-இல் அவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். நாடாளுமன்றத்தின் பேச்சுரிமைக்காக நின்று, அந்த இடத்தை இழந்து, ஏறத்தாழ எழுபது வயதில் லண்டன் கோபுரச் சிறையில் பல மாதங்கள் அடைபட்டார். பதவி ஆசை மட்டுமே இருந்தவர் அப்படிச் செய்திருக்க மாட்டார். 1628-இல், காரணம் காட்டாமல் சிறைப்பிடிப்பதை எதிர்த்து அவர் வாதிட்டபோது, நீதிபதியாக முன்பு அவரே அதை அனுமதித்ததை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டியது. அவர் மழுப்பவில்லை. அன்று தவறான வழிகாட்டலைப் பின்பற்றியதாகவும், பின்னர் சட்டங்களைப் படித்துக் கருத்தை மாற்றிக்கொண்டதாகவும் அவையிலேயே ஒப்புக்கொண்டார்.

மழைப்பாடி:
அந்த ஒப்புதலை நான் கணக்கில் கொள்ளவில்லை. 1628 பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ராலே வழக்கைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.