மாநில ஆலோசனைக் குழுவில் சேரலாமா?

அமெரிக்காவில் நான் வசிக்கும் மாநிலத்தின் பெண்கள் ஆலோசனைக் குழுவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு தோழி நச்சரிக்கிறாள். சம்பளம் கிடையாது, பரிந்துரைதான் செய்யலாம், முடிவு மாநில அரசின் கையில். வேலை, குழந்தைகளுக்கு நடுவில் இது தேவையா?

பதில் 1:
சேருங்க. ஆனால் முதலில் பழைய கூட்டக் குறிப்புகளைப் படித்துவிடுங்கள், எந்தப் பரிந்துரைக்குப் பதில் வந்தது, எது அப்படியே கிடப்பில் போனது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பதில் 2:
அதிகாரம் இல்லை என்பது பழைய புலம்பல்தான். 1961ல் அதிபர் கென்னடி அமைத்த பெண்கள் நிலை ஆணையத்துக்கு எலினார் ரூஸ்வெல்ட் தலைவர், அதன் அறிக்கை 1963ல் வந்தது. அதை ஒட்டி மாநிலங்களும் தங்களுக்கென்று ஆணையங்களை அமைத்தன. 1966ல் அந்த மாநில ஆணையங்களின் மாநாடு வாஷிங்டனில் நடந்தபோது, வேலையில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்ற சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லித் தீர்மானம் போட சிலர் முயன்றார்கள், அதற்கு அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடுப்பானவர்கள் அங்கேயே, பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடனும் சேர்ந்து, பெண்களுக்கான தேசிய அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள்! குழுவால் முடியாததை, குழுவில் சந்தித்தவர்கள் செய்தார்கள்.

பதில் 3:
எல்லாம் சரி, அவர்கள் வெளியே போய்த்தானே சாதித்தார்கள்? புகைப்படத்துக்கு மட்டும் கூப்பிடும் குழுக்களும் உண்டு. நான் ஒன்றில் இருந்து நொந்துபோனவள்.

கேள்வி கேட்டவர்:
குறிப்புகளைத் தேடி எடுத்துவிட்டேன், இன்று இரவு படிக்கிறேன். அப்புறம் தோழிக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.