பேனல் இல்லாத சர்வருக்கு மாறச் சொல்கிறார்கள், மாறலாமா?

பாட்டுவகுப்பு:

வணக்கம். நான் பாட்டு சொல்லித்தருகிறேன். வகுப்புக்கென்று ஆறு வருடமாக ஒரு வேர்ட்பிரஸ் தளம் இருக்கிறது. ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்வது), ஐகான்களைத் தொட்டு நிர்வகிக்க உதவும் சிபேனலோடு. எனக்கும் என்னோடு சொல்லித்தருகிறவர்களுக்குமாக எட்டு மெயில் ஐடி, பாடங்களின் ஒலிப்பதிவு கொஞ்சம், சேர விரும்புகிறவர்கள் நிரப்ப ஒரு படிவம். அவ்வளவுதான்.

தளத்தைச் செய்துதந்த தம்பி இப்போது, "அக்கா, இதை விட்டுவிட்டு ஒரு விபிஎஸ் (நமக்கென்று தனியாக ஒதுக்கிய சர்வர்) எடுத்துக்கொள்வோம். பேனலுக்குக் கொடுக்கிற காசு வீண். எஸ்எஸ்எச்சில் (கட்டளைகளை எழுதி சர்வரை இயக்கும் வழி) நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன், வேகமும் கூடும்" என்கிறார். திறமையான பையன், அவர் வேலையில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று தடவை நான் அந்தப் பேனலுக்குள் போகிறேன். புதிதாக யாராவது வந்தால் மெயில் ஐடி போடுவேன், பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக்கொடுப்பேன், பேக்கப் எடுத்து என் கணினியில் இறக்கி வைப்பேன். மற்ற ஐகான்களைத் தொட்டதே இல்லை. இந்த மூன்று வேலைக்காகப் பேனல் வேண்டுமா, இல்லை தம்பி சொல்வதுதான் சரியா?

கறுப்புத்திரை:

தம்பி சொல்வது சரி. நான் வைத்திருக்கும் எந்த சர்வரிலும் பேனல் கிடையாது. தளத்தை வழங்கும் எஞ்சின்எக்ஸ் என்ற மென்பொருளுக்கான அமைப்பு ஒரு தளத்துக்கு இருபது முப்பது வரிதான். தளத்துக்கான எஸ்எஸ்எல் பாதுகாப்புச் சான்றிதழை செர்ட்பாட் என்ற மென்பொருள் தானே புதுப்பித்துக்கொள்ளும். 1 ஜிபி நினைவகம் உள்ள சின்ன விபிஎஸ்ஸில் பேனலைப் போட்டால் தளத்துக்கு வேண்டிய இடத்தை அதுவே தின்றுவிடும். பாதுகாப்பையும் பாருங்கள். பேனல் என்பது இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கிற இன்னொரு வாசல். சிபேனல் என்றால் போர்ட் எண் 2083, வேறு பேனல்களான பிளெஸ்க் என்றால் 8443, டைரக்ட்அட்மின் என்றால் 2222 என்று எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று வேலைக்கு அவ்வளவு பெரிய மென்பொருள் தேவையில்லை.

இரவுப்பணி:

பாட்டுவகுப்பு, முடிவு எடுக்கும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள். நான் ஒன்பது வருடம் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவில் இரவு வேலை பார்த்தவன். கறுப்புத்திரை சொன்ன தொழில்நுட்ப விஷயங்கள் சரியானவை. ஆனால் அவர் தன் சர்வரைப் பற்றிப் பேசுகிறார். நீங்கள் கேட்டது உங்களுடையதைப் பற்றி.

பேனலால் வேலை சுலபமாகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. தளத்தின் சொந்தக்காரரும் உதவிக்கு இருக்கிறவரும் ஒரே திரையைப் பார்த்துப் பேச முடிகிறது. இரவு ஒரு மணிக்குப் போனில், "மெயில் என்கிற பகுதிக்குப் போங்கள், மூன்றாவது ஐகான், அதில் உங்கள் டொமைனுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது, படியுங்கள்" என்று கேட்கலாம். அவர் படித்துச் சொல்வார். சர்வரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் இப்படித் தன் கையால் தன் கோளாறைச் சரிசெய்வதை நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், உங்கள் தளத்திலும் படிவம் இருப்பதால். ஒரு அம்மா சின்னதாக ஒரு பயிற்சி மையம் நடத்தினார். மெயில்களை மட்டும் வேறொரு மெயில் சேவைக்கு மாற்றிக்கொண்டார். டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை மாற்றியாகிவிட்டது, வெளியிலிருந்து வரும் கடிதமெல்லாம் ஒழுங்காக வந்தது. ஆனால் தளத்தில் இருக்கும் படிவத்தை யார் நிரப்பினாலும் கடிதம் வரவில்லை. பதின்மூன்று நாள் இப்படியே போயிருக்கிறது. யாருமே விண்ணப்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். குரல் உடைந்துதான் பேசினார்.

நடந்தது என்னவென்றால், மெயில் வெளியே போய்விட்ட சேதி தளம் ஓடுகிற சர்வருக்குத் தெரியாது. இந்த டொமைனின் மெயில் இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைத்து, படிவத்திலிருந்து போன கடிதங்களையெல்லாம் தன்னிடம் இருந்த பழைய பெட்டியிலேயே போட்டுக்கொண்டிருந்தது. சிபேனலில் 'ஈமெயில் ரூட்டிங்' என்று ஒரு பக்கம் உண்டு. லோக்கல், ரிமோட் என்று தேர்வுகள் இருக்கும். லோக்கலில் புள்ளி இருந்தது. ரிமோட்டுக்கு மாற்றி சேமிக்கச் சொன்னேன். "இப்போது நீங்களே படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்" என்றேன். முப்பது விநாடி இருக்கும், "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்றார். அப்புறம் பேனலிலிருந்தே பழைய பெட்டியைத் திறந்தோம். பதின்மூன்று நாள் கடிதமும் அப்படியே கிடந்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

இதே கோளாறு பேனல் இல்லாத விபிஎஸ்ஸில் வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்தத் திட்டத்தில் சர்வருக்குள் இருப்பது முழுக்க வாடிக்கையாளர் பொறுப்பு, உள்ளே நுழைய எங்களிடம் சாவியே கிடையாது. "உங்கள் டெவலப்பரிடம் கேளுங்கள்" என்றுதான் பதில் போகும். அந்த டெவலப்பர் மருத்துவமனையில் இருந்த கதையும் உண்டு. வேலையை விட்டுப் போன ஒருவரின் மெயிலைப் பூட்ட வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் நான்கு நாள் எங்களிடம் மன்றாடினார். ஹோஸ்டிங் கணக்கே டெவலப்பர் பெயரில் இருந்ததால், தளம் தன்னுடையது என்று எங்களுக்கு நிரூபிக்கவும் அந்த வாடிக்கையாளருக்கு வழியில்லை. அந்த நான்கு நாள் பதில்களில் இரண்டை எழுதியது நான். இன்றும் உறுத்துகிறது.

காசைப் பற்றி: 2019 வரை சிபேனலுக்கு ஒரு சர்வருக்கு இவ்வளவு என்று கட்டணம், உள்ளே எத்தனை கணக்கு இருந்தாலும் ஒன்றுதான். அந்த வருடம் கணக்குகளின் எண்ணிக்கைப்படி மாற்றினார்கள். அதற்குப் பின் பல ஹோஸ்டிங்காரர்கள் டைரக்ட்அட்மின் மாதிரி வேறு பேனல்களுக்குப் போனார்கள். ஆகவே சிபேனல்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஹெஸ்டியா மாதிரி இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. எதுவானாலும் பரவலாகப் புழங்குகிற பேனலாக இருக்கட்டும். ஒரு சிபேனல் சர்வரிலிருந்து இன்னொரு சிபேனல் சர்வருக்கு மெயில், டேட்டாபேஸ், கோப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொண்டுபோகலாம். ஒரு நிறுவனம் தனக்கென்று மட்டும் எழுதிக்கொண்ட பேனலில் மாட்டினால் வெளியே வருவது பெரும்பாடு.

பாட்டுவகுப்பு:

மிக்க நன்றி. இதைப் படித்துவிட்டு இதுவரை தொடாத ஐகான்களைத் திறந்து பார்த்தேன். 'டிஸ்க் யூசேஜ்' பக்கத்தில் எரர்_லாக் என்று ஒரே கோப்பு 1.8 ஜிபி காட்டுகிறது. என் ஒலிப்பதிவு எல்லாம் சேர்ந்தே அவ்வளவு இல்லை! அழிக்கலாமா? இன்னொன்று, நான் மாதாமாதம் இறக்கி வைப்பது 'ஃபுல் பேக்கப்'. அது போதும் அல்லவா?

இரவுப்பணி:

அழிக்கலாம், தளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உடனே அழிக்காதீர்கள். அது வேர்ட்பிரஸ் இயங்கும் மொழியான பிஎச்பி, ஓடும்போது வரும் பிழைகளை எழுதி வைக்கும் கோப்பு. இவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு பிளகின் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒவ்வொரு தடவையும் ஒரே எச்சரிக்கையை எழுதுகிறது. கடைசிச் சில வரிகள்தான் வேண்டும். ஃபைல் மேனேஜரில் திறக்காதீர்கள், இத்தனை பெரிய கோப்பைத் திறக்கப் போனால் பிரௌசர் திணறும். பேனலில் 'எரர்ஸ்' என்று தனிப் பக்கம் இருக்கிறது, முதலில் அங்கே பாருங்கள். அதில் இல்லையென்றால் தம்பியைக் கேளுங்கள், ஒரு கட்டளையில் கடைசி இருபது வரியை எடுத்துத் தருவார். அந்த வரிகளில் வரும் கோப்புப் பாதையில் பிளகின் பெயர் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் கோப்பை மட்டும் அழித்தால் சில மாதத்தில் பழையபடி வளர்ந்து நிற்கும். கணக்கின் இடம் நிரம்பினால் முதலில் நிற்பது மெயில்தான், உங்களுக்கு அனுப்புகிறவர்களுக்கெல்லாம் திரும்பிப் போகும்.

பேக்கப் கேள்வி நல்ல கேள்வி, பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். ஃபுல் பேக்கப்பை நீங்களே எடுக்கலாம், ஆனால் உங்கள் பேனலிலிருந்து நீங்களே திரும்பப் போட முடியாது. சர்வரின் ரூட் அனுமதி (முழு நிர்வாக அனுமதி) வேண்டும், அதாவது ஹோஸ்டிங்காரர்தான் போட்டுத்தர வேண்டும். நீங்களாகத் திரும்பப் போடக்கூடியவை ஹோம் டைரக்டரி பேக்கப், டேட்டாபேஸ் பேக்கப் இரண்டும். இனி அவற்றையும் தனித்தனியாக இறக்கி வையுங்கள். இறக்கியதும் சர்வரில் இருக்கும் ஃபுல் பேக்கப் கோப்பை அழித்துவிடுங்கள், அதுவும் உங்கள் இடக்கணக்கில்தான் சேரும்.

கறுப்புத்திரை:

எட்டு மெயில் ஐடி என்பதை நான் சரியாகக் கவனிக்காமல் பதில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். தளம் மட்டும் என்றால் சொன்னது சொன்னதுதான். மெயிலும் அதே விபிஎஸ்ஸில் என்றால் என் பதில் மாறுகிறது. மெயிலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் டவ்காட், கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்து, சர்வரின் ஐபி முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் என்று எல்லாவற்றையும் கையால் அமைக்க வேண்டும். விபிஎஸ் நிறுவனங்கள் பலவற்றில் வெளியே மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட் முதலிலேயே அடைத்திருக்கும், கேட்டு வாங்க வேண்டும். எல்லாம் செய்த பிறகும் அந்த ஐபியை முன்பு வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் உங்கள் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும். என் மெயிலை நானே அப்படி வைத்திருக்கவில்லை, வெளியே கொடுத்திருக்கிறேன். தம்பியிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மெயிலுக்கு என்ன திட்டம்?

இரவுப்பணி:

தம்பிக்கு எஸ்எஸ்எச்தான் வசதி என்றால் இப்போது இருக்கிற இடத்திலேயே கொடுக்கலாம். சிபேனலில் 'எஸ்எஸ்எச் அக்சஸ்' இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள், பலர் திறந்துவிடுவார்கள். தம்பியின் பொதுச்சாவியை (எஸ்எஸ்எச்சில் அவரை அடையாளம் காட்டும் கோப்பு) அங்கே சேர்த்து அனுமதி கொடுங்கள். அவர் கறுப்புத் திரையில் வேலை பார்க்கட்டும், நீங்கள் உங்கள் ஐகான்களில் பாருங்கள். அனுமதியை எப்போது வேண்டுமானாலும் நீங்களே எடுத்துவிடலாம், அதே பக்கத்தில். பேனல் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள், கறுப்புத்திரை சொன்ன வாசல் பிரச்சினைக்கு அதுதான் தாழ்ப்பாள்.

அப்புறம் டொமைனும் ஹோஸ்டிங்கும் யார் பெயரில், எந்த மெயில் முகவரியில் பதிவாகியிருக்கின்றன என்று இன்றே பாருங்கள். உங்கள் டொமைனில் இருக்கும் மெயிலையே அதற்குக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். தளம் முடங்கினால் அந்த மெயிலும் முடங்கும், மீட்புக் கடிதம் வந்து சேர இடம் இருக்காது.

பாட்டுவகுப்பு:

பார்த்தேன். ஹோஸ்டிங் என் பெயரில்தான். டொமைன் மட்டும் தம்பி பெயரில் இருக்கிறது, அந்த நாளில் அவசரத்தில் அவரே வாங்கித் தந்தது. இப்போதுதான் போனில் பேசினேன், நாளைக்கே மாற்றித் தருகிறேன் என்றார். மெயிலைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார், "சரி அக்கா, எஸ்எஸ்எச் மட்டும் வாங்கிக் கொடுங்கள், இங்கேயே இருக்கட்டும்" என்றார். எரர்ஸ் பக்கத்தில் ஒரே பிளகின் பெயர் வரிசையாக வருகிறது. நிகழ்ச்சி நாட்காட்டி காட்டுவதற்குப் போட்டது, இரண்டு வருடமாக அதை யாரும் பயன்படுத்தவில்லை. நீக்கிவிட்டு, கோப்பையும் அழித்துவிட்டேன். நாளைக்கு மறுபடி அந்தக் கோப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.