சாஃப்ட் ஐ கேஜ் நிமிர்த்தும்போது வளையுது, கிளிப் நழுவுது. என்ன செய்யலாம்?

மண்வெட்டி:
மெட்ரோ ஸ்டேஷன் டி-வால் (மண்ணுக்குள்ள குழி வெட்டிப் போடுற கான்கிரீட் சுவர்) வேலை. டிபிஎம் (சுரங்கம் தோண்டுற மெஷின்) சுவரைத் துளைக்கிற இடத்துல, அதாவது சாஃப்ட் ஐ-ல, மட்டும் 32 எம்எம் ஜிஎஃப்ஆர்பி (ரெசின்ல இறுகின கண்ணாடி இழை) கம்பி, மேலயும் கீழயும் இரும்பு. ரெண்டையும் சேர்க்கிறது யூ-போல்ட் கிளிப்தான். நேத்து கேஜை (கம்பிக்கூட்டை) நிமிர்த்தும்போது நடுப்பகுதி வில்லா வளைஞ்சு கட்டுக்கம்பி தெறிச்சது, ஒரு முகத்துல கிளிப் ரெண்டு இஞ்ச் நழுவியிருக்கு. கீழ்க்கூடு சுமார் 6 டன், மெயின் கம்பி 24. கிளிப்பை இன்னும் முறுக்கிடலாமா?

கம்பிக்கட்டு:
வேண்டாம் சார். அளவுக்கு மேல முறுக்கினா ரெசின் வெள்ளையா வெடிக்கும், அதுக்குக் கீழ இழையும் நசுங்கும். கம்பெனி சொன்ன டார்க்கோட (முறுக்கு அளவோட) நிறுத்துங்க. பிடி பத்தலைன்னா லேப்பை (ரெண்டு கம்பியும் ஒண்ணு மேல ஒண்ணு சேர்ந்து வர்ற நீளத்தை) நீட்டி கிளிப் எண்ணிக்கையைக் கூட்டுங்க.

பழைய பைலிங் ஆள்:
கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. 6 டன்னை 24 கம்பிக்குப் பிரிச்சா ஆளுக்கு 250 கிலோ. நேரா தொங்கும்போது அது இந்தக் கம்பிக்கு ஒரு பாரமே இல்லை. ஆனா நிமிர்த்துற நேரத்துல ஒரு முகத்துக் கம்பிங்கதான் மொத்தத்தையும் இழுக்குது. இதோட விறைப்பு இரும்புல கால்வாசிதான், அதான் வளையுது. ஐஎஸ்எம்சி சேனலை (C வடிவ இரும்பு) பக்கவாட்டுல முதுகெலும்பு மாதிரி கட்டி, ரெண்டு கிரேன் வச்சு நிமிர்த்துங்க. வெல்டிங் தீப்பொறி இழைக் கம்பி மேல விழாம பாத்துக்கோங்க.

மண்வெட்டி:
அந்தச் சேனலை உள்ளயே விட்டுடலாமா ண்ணே? பெண்டோனைட் (களிமண் கரைசல்) நிரம்பின குழிக்கு மேல நின்னு கழட்டுறது பெரிய இம்சை.

பழைய பைலிங் ஆள்:
விடவே கூடாது. டிபிஎம்மோட கட்டர் ஹெட் இந்த இடத்தைக் கடிச்சுட்டுப் போகணும்னுதானே இவ்வளவு செலவு? இரும்பு மாட்டினா பல்லு போகும், வெட்டுப்பட்ட துண்டு வெட்டின மண்ணை வெளியே தள்ளுற ஸ்க்ரூ கன்வேயர்ல போய்ச் சிக்கும். கேஜ் இறங்க இறங்க, கைடு வால் (குழி வாயோரத்துச் சின்னச் சுவர்) மட்டத்துல ஒவ்வொரு துண்டா கழட்டுங்க. கழட்டினதை எண்ணி எழுதி வச்சாதான் அடுத்த இறக்கம். நழுவின கிளிப்பெல்லாம் மாத்துங்க, அந்த இடத்துல கம்பி உரசியிருந்தா கம்பியையும்.

கடைசி பெஞ்ச்:
இடையில ஒரு சந்தேகம். ஸ்டிரப் (மெயின் கம்பிகளைச் சுத்தி வர்ற வளைச்ச கம்பி) நாலு குறையுது, நேர்க்கம்பியைச் சூடு காட்டி வளைச்சுக்கலாமா?

கம்பிக்கட்டு:
முடியாது. இந்த ரெசின் ஒருதரம் இறுகினா திரும்ப இளகாது, கருகத்தான் செய்யும். ஃபேக்டரியில வளைச்சதைத்தான் வாங்கணும். அதுலகூட வளைவுல பலம் நல்லாவே குறையும், டிசைனர்கிட்ட கேக்காம எண்ணிக்கையைக் குறைக்காதீங்க. அறுக்கும்போது மாஸ்க், கையுறை கட்டாயம். கண்ணாடித் தூசி பட்டா ராத்திரி பூரா சொறிஞ்சுட்டே இருப்பீங்க.