ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணும் மாணவரின் உண்மையான ஆங்கிலமும்: பயிற்றுநர்கள் கண்டவை

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மொத்த மதிப்பெண்ணை வைத்து யாருடைய ஆங்கிலத்தையும் எடைபோடாதீர்கள். 9-க்குக் கேட்டலிலும் வாசிப்பிலும் 8.5, எழுத்திலும் பேச்சிலும் 5.5 வாங்கியவருக்குச் சராசரி 7. நான்கிலும் 7 வாங்கியவருக்கும் அதே 7 தான். முதலாமவர் விரிவுரையைச் சிரமமின்றிப் பின்தொடர்வார், அறிக்கை எழுத உட்கார்ந்தால் திணறுவார். சராசரி 6.25 என்றால் அதை 6.5 ஆக உயர்த்தியும் விடுகிறார்கள். அதனால் பிரிவுவாரி மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எழுத்துத் தேர்வின் குறை இதைவிடப் பெரியது. 60 நிமிடத்தில் இரண்டு பணிகள். 250 சொல் கட்டுரைக்குத்தான் கூடுதல் மதிப்பு. அதற்கு எதையும் படித்துவிட்டு எழுத வேண்டியதில்லை, மனதில் உள்ள கருத்தே போதும். பல்கலைக்கழகத்திலோ நான்கைந்து கட்டுரைகளைப் படித்து, ஒப்பிட்டு, சான்று காட்டி எழுத வேண்டும். அந்தத் திறனை இந்தத் தேர்வு தொடுவதே இல்லை.

———

பேச்சுத் தேர்வைப் பற்றி, இன்னொரு பயிற்றுநராக நானும் சொல்கிறேன். 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் குறிப்பெடுத்து, இரண்டு நிமிடம் வரை பேசலாம். மனப்பாடம் நுழைவது இங்கேதான். மூன்றாம் பகுதியில் 'ஏன் அப்படி?' என்று கேட்டதும் வேகம் சட்டென விழும், வாக்கியங்கள் பாதியில் நிற்கும். இப்படி விழுந்தால் தேர்வாளர் கண்டுகொள்வார். ஆனால் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் குழு விவாதத்தில் இடைமறித்துத் தன் கருத்தை வைக்கத் தெரியுமா என்பதை இந்தத் தேர்விலிருந்து அறிய முடியாது.

———

எதிர்ப்பக்கமும் உண்டு. கேட்டல் ஒலிப்பதிவை ஒருமுறைதான் போடுவார்கள். விடை புரிந்தும் எழுத்துப்பிழை விட்டால் மதிப்பெண் போச்சு; 'இரண்டு சொல்லுக்கு மிகாமல்' என்ற இடத்தில் மூன்று எழுதினாலும் அப்படியே. நல்ல ஆங்கிலம் உள்ளவர்கள் இதில் அநியாயமாக இழக்கிறார்கள். முதல் முயற்சியில் குறைந்தவர்களை மொழி தெரியாதவர்கள் என்று தள்ளிவிடாதீர்கள், தயவுசெய்து.

———

நீங்களே சோதிக்க ஒரு வழி: மாணவருக்குப் பழக்கமில்லாத துறையில் இரண்டு பக்கக் கட்டுரை கொடுங்கள். 20 நிமிடம் கழித்துத் தாளை வாங்கிக்கொண்டு, ஆசிரியரின் வாதத்தைச் சொந்தச் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு குறுக்குக் கேள்விகள் கேளுங்கள். பிறகு அதையே 200 சொல்லில் எழுதட்டும். பழகிய தலைப்பைக் கொடுத்தால் தயாரித்து வைத்த வாக்கியங்களே திரும்ப வரும், சோதனை வீணாகும். தேர்வு எழுதி 2 ஆண்டு தாண்டிய சான்றிதழைப் பொதுவாக ஏற்பதில்லை; அதற்குள் ஆங்கிலம் பேசாமலே இருந்தவருக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் வையுங்கள்.