ஃபார்ச்சூனரை இரண்டு இஞ்ச் இறக்கிய பிறகு பின் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது, உதவி தேவை

கொடுமுடிக்காரன்:
வணக்கம்ங்க. எங்களுடையது 2013 மாடல் ஃபார்ச்சூனர். அம்மிச்சிக்கு முட்டி வலி, ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். வண்டியைக் கொஞ்சம் இறக்க முடியுமா என்று ஒரு பட்டறையில் கேட்டேன். நாலு ஸ்பிரிங்கையும் அறுத்து இரண்டு இஞ்ச் இறக்கிக் கொடுத்தார்கள். ஒரு மாதம்தான் ஆகிறது. முன் டயர் இரண்டும் உள்பக்கமாகவே தேய்கிறது. பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் விரல் கனத்துக்கு வெளியே தெரிகிறது, மறுபக்க டயர் உள்ளே போயிருக்கிறது. ஆறு பேர் ஏறினால் ஸ்பீட் பிரேக்கரில் டமார் என்று இடிக்கிறது. போன வாரம் தாளவாடியிலிருந்து திம்பம் வழியாக வந்தோம். 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி பண்ணாரி வருவதற்குள் கை நடுங்கிவிட்டது. சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வளைந்திருக்குமா?

பெருந்துறை பட்டறை:
சேஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது தம்பி. பின் ஆக்சில், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் தாங்கும் அச்சு, பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது குறுக்கே போகும் ஒரே ஒரு ராடு. ஒரு முனை சேஸில், மறுமுனை ஆக்சிலில். சேஸ் முனை உயரத்தில் இருக்கும். வண்டியை இறக்கினால் சாய்ந்திருந்த ராடு படுக்கும், படுத்தால் ஆக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளும். முன்னால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறியிருக்கும். அதனால்தான் உள்பக்கத் தேய்மானம். டமார் சத்தம், சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டையில் (பம்ப் ஸ்டாப்) இடிப்பது.
ஸ்பிரிங்கை எதில் அறுத்தாங்க? அறுத்த பிறகு வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் சாய்வையும் கோணத்தையும் சரிசெய்வது) பார்த்தாங்களா?

கொடுமுடிக்காரன்:
கேஸ் கட்டரில்தான்ங்க அண்ணா. அலைன்மென்ட் பார்க்கவில்லை.

பெருந்துறை பட்டறை:
அப்படின்னா வண்டியை நிறுத்திடுங்க. சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் பதம் போயிருக்கும், எப்போது வேண்டுமானாலும் உடையலாம். நீளமும் குறைந்துவிட்டதால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு நகர்ந்துவிடும். அலைன்மென்ட் மட்டும் பார்த்து இதைச் சமாளிக்க முடியாது. நாலும் கம்பெனி ஸ்பிரிங் போடுங்க, ஷாக் அப்சார்பர் கசிகிறதா பாருங்க, அப்புறம் அலைன்மென்ட். உயரம் பழையபடி வந்தால் ஆக்சிலும் தானாக நடுவுக்கு வந்துவிடும்.

ஆனைமலை விவசாயி:
எங்க அப்பாருக்கும் இதே சிரமம். வண்டியைத் தொடவே இல்லை. சைடு ஸ்டெப்புக்குக் கீழே இன்னொரு படி தொங்கவிட்டோம், உள்ளே பிடித்து ஏற ஒரு கைப்பிடி. இப்போது வால்பாறை வரை தனியாக ஏறி இறங்குகிறார். படி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, மடக்கி வைக்கிற மாதிரி செய்யுங்க.
இன்னொன்று தம்பி, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணில் அறுத்த ஸ்பிரிங் பட்டாலே கிளெய்முக்குச் சிக்கல்தான்.

கொடுமுடிக்காரன்:
நாலும் புது ஸ்பிரிங் போட்டாச்சு. ஆக்சில் நடுவுக்கு வந்துவிட்டது, இடிக்கவும் இல்லை. மடக்குப் படியும் மாட்டினோம், அம்மிச்சி நேற்று கை கொடுக்காமலே ஏறினார். ரொம்ப நன்றிங்க. தேய்ந்த முன் டயர்களைப் பின்னால் மாற்றி ஓட்டலாமா?

பெருந்துறை பட்டறை:
உள் ஓரத்தில் கம்பி தெரிந்தால் வேண்டவே வேண்டாம். கம்பி தெரியாவிட்டாலும் மழைக்கு முன் மாற்றிடுங்க.