ஹீலிக்ஸா, டோமா? அந்தக் கல்லு நம்ம பக்கம் கிடைக்குமா?

கும்மோணத்துப்பையன்:
அண்ணே, போக்கிமான் ஃபயர்ரெட் கேம் ஆடுறேன். மவுண்ட் மூன் குகையில ஹீலிக்ஸ், டோம்னு ரெண்டு ஃபாசில் (கல்லாப்போன பழைய பிராணி), அதுல ஒண்ணுதான் எடுக்க விடுறான். எது எடுக்க? ஹீலிக்ஸ்ல இருந்து வர்ற ஓமனைட் மாதிரி நிஜத்துல நம்ம ஊர்ல கிடைக்குமா? வாய்க்கால் தூர்வாரிப் போட்ட மண்ணைக் கிளறினா வெறும் நத்தை ஓடுதான் வருது.

கொள்ளிடக்கரை:
ஹீலிக்ஸ் எடு தம்பி. சின்னபார் தீவு லேப்ல கொடுத்துட்டு வெளிய ஒரு சுத்து சுத்திட்டு வா, ஓமனைட் உயிரோட நிக்கும். ஆனா லெவல் 5தான். 40 வந்தாதான் ஓமஸ்டாரா மாறும். ஓடு ரொம்பப் பெருத்து இரை பிடிக்க முடியாம அழிஞ்சதுன்னு கேம்ல வர்ற தகவல் ஏடு போக்கிடெக்ஸ் சொல்லும். புல் வகை வீனசோர் முன்னாடி விட்டுடாதே, புல் அடி நாலு மடங்கு விழும்.

வாய்க்கால்ல தேடாதே. நம்ம மண்ணு ஆறு கொண்டாந்த வண்டல், பூமிக் கணக்குல நேத்து வந்தது. கொள்ளிடம் தாண்டி அரியலூர், காரை பக்கம் போ. டைனோசர் இருந்த கிரெட்டேசியஸ் காலத்துல அங்க கடல். சிமெண்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். மழை அரிச்ச ஓடையில அம்மோனைட், அதான் சுருள் ஓட்டுக் கடல்பிராணி, கல்லாக் கிடக்கும். மேல்தோல் தேஞ்ச கல்லுல கொத்தமல்லி இலை ஓரம் மாதிரி நெளிநெளியா கோடு ஓடும்; உள்ள இருக்குற அறைச்சுவர் ஓட்டைத் தொடுற இடம் அது. பிராணி குடியிருந்தது கடைசி அறையில மட்டும். பார்த்துட்டு அங்கேயே வெச்சுட்டு வா. நிதானமா பார்க்கணும்னா வாரணவாசி அருங்காட்சியகம் இருக்கு.

திருவாரூரக்கா:
ஹீலிக்ஸ் டோம் எல்லாம் சாதுப்பா. 2019ல வந்த போக்கிமான் ஸ்வோர்ட் ஷீல்டு ஆடிப் பாரு. காரா லிஸ்னு ஒரு அம்மா, பொருந்தாத ரெண்டு துண்டை ஒட்டி உயிர் குடுக்கும்! அப்படி ஒட்டுன டிராகோவிஷ்ஷுக்கு மீன் தலை, தண்ணிக்கு வெளிய மூச்சு முட்டும். கிண்டல்னு நினைக்காதே, நிஜத்துலயே 1860கள்ல ஃபாசில் ஆராய்ச்சியாளர் எட்வர்ட் கோப், எலாஸ்மோசாரஸ்ங்கிற நீள்கழுத்துக் கடல் ஊர்வனவுக்கு வால் நுனியில தலையை வெச்சவர். ஆனா சண்டையில அந்த மீன்தலை ராட்சசன்: முந்திக் கடிச்சா 85 பலம் 170 ஆயிடும்.

கும்மோணத்துப்பையன்:
அக்கா செம! அரியலூர்ல டைனோசரும் உண்டா?

கொள்ளிடக்கரை:
உண்டு. கல்லமேடுல 1980கள்ல புருகத்காயோசாரஸ்னு ஒண்ணுக்குப் பேர் வெச்சாங்க, உலகத்துலயே பெருசா இருக்கலாம்னு பேச்சு. எலும்பு உதிர்ந்து தூளாப் போச்சு. கையால வரைஞ்ச எலும்புப் படத்தை மட்டும் வெச்சுக்கிட்டு அது கல்லான மரம்னுகூட சிலர் அடிச்சுப் பேசினாங்க. பழைய போட்டோக்கள் 2022ல வெளியானப்புறம் எலும்புதான்ங்கிற பக்கம் பலமாச்சு.