மாலாக்கில் இடம் வாங்கிச் சேமித்த பெயர்களுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி வருவது ஏன்?

புதுநிரலாளி கேட்டது:

வணக்கம். சில மாதங்களாகச் சி மொழியைப் பயின்று வருகிறேன். வரிக்கு ஒரு பெயராக யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அமைந்த ஓர் உரைக்கோப்பை, 64-பிட் லினக்ஸ் கணினியில் படிக்கும் பயிற்சி நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் எஃப்கெட்ஸ் கொண்டு ஒரு தற்காலிக அணிக்குள் வாங்கி, இறுதியிலுள்ள புதுவரிக் குறியை நீக்கி, ஸ்டிரிலென் சொல்லும் நீளத்துக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலாக்கிடம் இடம் கேட்டு, ஸ்டிரிகாப்பி மூலம் பெயரை அங்கே படியெடுக்கிறேன். அந்த முகவரிகளை வைத்துக்கொள்ள 5,000 சுட்டிகளுக்கான இடத்தைத் தொடக்கத்திலேயே ஒரே மாலாக்கில் வாங்கிவிடுகிறேன்.

பெரும்பாலான பெயர்கள் சரியாகவே அச்சாகின்றன. ஆனால் கோப்பில் 'மீனாட்சி'யை அடுத்து 'முருகன்' வரும் இடத்தில் 'மீனாட்சி!' என்றும், 'மணிமேகலை'யை அடுத்து 'விசாலாட்சி' வரும் இடத்தில் 'மணிமேகலை1' என்றும் அச்சாகிறது. கோப்பில் ஆச்சரியக்குறியும் இல்லை, எண்ணும் இல்லை. முன்னது நான்கெழுத்துப் பெயர், பின்னது ஐந்தெழுத்துப் பெயர் என்பதால் நீளத்தைக் காரணம் சொல்லவும் வழியில்லை. ஐந்தெழுத்துள்ள 'விசாலாட்சி' ஒழுங்காகவே வருகிறது. மேலும், நூறு பெயர்கள் உள்ள கோப்பில் நிரல் இறுதிவரை ஓடுகிறது. பெரிய கோப்பைக் கொடுத்தால் 2,000 பெயர்களைத் தாண்டிய பிறகு மாலாக்கின் உள்ளேயே, 'சிஸ்மாலாக்' என்ற சொல்லோடு ஓர் அஸர்ஷன் (உட்சோதனை) பிழையைக் காட்டி நின்றுவிடுகிறது. எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கித் தொகுத்தும் கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. பிழை என் நிரலிலா, நூலகத்திலா?

குத்துமதிப்பு எழுதியது:

சரத்தின் முடிவைக் காட்டி நிற்கும் சுழிய பைட்டுக்கு நீங்கள் இடம் விடவில்லை; ஸ்டிரிலென் அதை எண்ணுவதில்லை, ஸ்டிரிகாப்பியோ அதையும் எழுதுகிறது. எனக்கும் இப்படி ஆனதுண்டு. அதன் பிறகு நீளத்தோடு எப்போதும் பத்து பைட்டுகளைக் கூட்டியே கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தொல்லை இல்லை.

ஹீப்காவலர் எழுதியது:

மேலே நண்பர் சொன்ன காரணம் சரி, மருந்துதான் சரியில்லை. தேவை ஒரு பைட் என்று தெரிந்த பிறகு பத்தைக் கூட்டுவது, பிறகு அந்தப் பெயரோடு முன்னெழுத்தையோ ஊரையோ சேர்க்கும் நாளில் இதே பிழையை இன்னும் ஆழமாக ஒளித்து வைக்கும்.

கேட்டவருக்கு: பிழை நூலகத்தில் இல்லை. ஆனால் உங்கள் திரையில் தெரியும் அந்த ஆச்சரியக்குறி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் மாலாக் எப்படி வேலை செய்கிறது என்பதை அது அப்பட்டமாகக் காட்டுகிறது.

ஸ்டிரிலென் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளையே எண்ணுகிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோட் தனி எண் தந்திருக்கும் குறிக்கும்) 3 பைட்டுகள் செலவாகின்றன. உயிர்மெய்யில் மெய்யின் குறியும் உயிரின் குறியும் தனித்தனிக் குறியீட்டுப் புள்ளிகள், மேலே புள்ளி வைத்த மெய்யும் அப்படியே இரண்டு. ஆகவே 'மீனாட்சி'யில் ம, ஈகாரக் குறி, ன, ஆகாரக் குறி, ட, மெய்ப்புள்ளி, ச, இகரக் குறி என 8 குறியீட்டுப் புள்ளிகள், அதாவது 24 பைட்டுகள். 'மணிமேகலை'யிலும் எண்ணிப் பாருங்கள்: எழுத்து ஐந்தானாலும் குறியீட்டுப் புள்ளிகள் அதே 8, பைட்டுகள் அதே 24. 'முருகன்' 21 பைட்டுகள், 'விசாலாட்சி' 30 பைட்டுகள்.

குனு சி நூலகத்தின் மாலாக் 64-பிட் கணினியில் நீங்கள் கேட்ட அளவை அப்படியே வெட்டிக் கொடுப்பதில்லை. துண்டுகளை 16-இன் மடங்குகளாகவே வைத்திருக்கிறது. மிகச் சிறிய துண்டு 32 பைட், அதில் நீங்கள் எழுதத்தக்கது 24 பைட். 21 பைட் கேட்டு 22 பைட் எழுதினாலும் ('முருகன்' விஷயத்தில் நீங்கள் செய்ததும் அதே தவறுதான்) அந்த மிச்சத்துக்குள் அடங்கிப்போகிறது. 24 பைட் கேட்டு 25 எழுதும்போதுதான் வேலி தாண்டுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது, அடுத்த துண்டின் அளவைக் குறித்து வைக்கும் 8 பைட் எண். வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீயிடம் நாம் அளவைச் சொல்லாமலே அது சரியாக விடுவிப்பது இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

உங்கள் சுழிய பைட் அந்த எண்ணின் மிகக் குறைந்த மதிப்புள்ள பைட்டின் மேல் (நினைவகத்தில் முதலில் வருவது அதுதான்) விழுகிறது. பிறகு 'முருகன்' பெயருக்காக அதே இடத்தில் அடுத்த துண்டை வெட்டும்போது, மாலாக் அங்கே 32 என்ற அளவையும் 'முந்தைய துண்டு பயன்பாட்டில் உள்ளது' என்பதற்கான 1-ஐயும் சேர்த்து 33 என்று எழுதுகிறது. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 33 ஆச்சரியக்குறி. 'விசாலாட்சி'க்கு 30 பைட் வேண்டுமென்பதால் துண்டு 48 பைட். 48-உம் 1-உம் சேர்ந்து 49. ஆஸ்கியில் 49 என்பது '1' என்ற இலக்கம். எண்ணின் மற்ற பைட்டுகள் சுழியமாக இருப்பதால், அச்சிடும் பிரின்ட்எஃப் ஒரே ஒரு உதிரி எழுத்தோடு நின்றுவிடுகிறது. இதை முதன்முதலில் கண்டபோது நான் கோப்பின் குறியாக்கத்தையே இரண்டு நாள் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய கோப்பில் நிரல் சாவதற்கும் வேர் இதுவே. ஹீப்பின் (மாலாக் துண்டுகளை வெட்டித் தரும் நினைவகப் பகுதியின்) உச்சியில் மீதமுள்ள வெற்றிடத்தின் அளவும் இதே முறையில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு 24 பைட் பெயரும் அந்தக் கணக்கின் மிகக் குறைந்த மதிப்புள்ள பைட்டை அழித்துக்கொண்டே வருகிறது. தொடக்கத்தில் கிடைத்த சுமார் 132 கிலோபைட் தீர்ந்து, இயக்க முறைமையிடம் மேலும் கேட்கப் போகும்போதுதான் நூலகம் தன் கணக்கைச் சரிபார்க்கிறது. அது பொருந்தாததால் நிறுத்திவிடுகிறது. தவறு நடந்த இடம் ஒன்று, பிடிபடும் இடம் வேறு.

செய்ய வேண்டியது: மாலாக்(ஸ்டிரிலென்(வரி) + 1) என்று கேளுங்கள், திரும்பி வருவது 'நல்' சுட்டியா (இடம் கிடைக்கவில்லை என்று காட்டும் வெற்றுச் சுட்டியா) என்று பாருங்கள். அல்லது இடம் வாங்கிப் படியெடுப்பதையும் சேர்த்தே செய்யும் ஸ்டிரிடூப்பைப் பயன்படுத்துங்கள். யூனிக்ஸ் வகை இயக்க முறைமைகளுக்கான தரமான போசிக்ஸில் நெடுங்காலமாக இருந்து, சி23-இல் மொழியின் தரத்திலும் சேர்ந்துவிட்ட அது, அந்த ஒரு பைட்டைத் தானே சேர்த்துக்கொள்ளும். இடத்தைச் சுழியமாக்கித் தரும் காலாக்குக்கு மாறினால் தீரும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்; அது தரும் 24 பைட்டும் சுழியமாக இருக்கும், 25-ஆவது அதன் பொறுப்பில்லை.

நிரலை, நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவியான வால்கிரைண்டின் கீழ் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 'முருகன்' உட்பட ஒவ்வொரு பெயரிலும் ஒரு பைட் முறைகேடாக எழுதப்படுவதாகச் சொல்லும், ஏனெனில் அது துண்டின் அளவைப் பார்ப்பதில்லை, நீங்கள் கேட்ட அளவைப் பார்க்கிறது.

புதுநிரலாளி எழுதியது:

மிக்க நன்றி. ஒன்றைக் கூட்டியதும் இரண்டு கோளாறுகளும் மறைந்தன. இனி 5,000 என்ற வரம்பை நீக்கி, அணியை, வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் மூலம் பத்துப் பத்தாக வளர்க்க நினைக்கிறேன். மிக நீளமான பெயர் உள்ள அணி உறுப்பின் முகவரியை ஒரு தனிச் சுட்டியில் வைத்திருக்கிறேன்; அதற்கு ஏதும் இடையூறு வருமா? நிரல் முடியும்போது அணியை ஃப்ரீ செய்தும், நினைவகக் கசிவு இருப்பதாக வால்கிரைண்ட் சொல்வது ஏன் என்பதும் விளங்கவில்லை.

ஹீப்காவலர் எழுதியது:

இடையூறு நிச்சயம் வரும். ரீஅலாக் இருந்த இடத்திலேயே அணியை நீட்டலாம், வேறிடத்துக்குப் பெயர்த்துக்கொண்டும் போகலாம். பெயர்த்தால் உங்கள் தனிச் சுட்டி பழைய, விடுவிக்கப்பட்ட இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பெயர்களின் துண்டுகள் நகர்வதில்லை, அணி மட்டுமே நகர்கிறது. ஆகவே உறுப்பின் முகவரிக்குப் பதிலாக அதன் சுட்டெண்ணை வைத்திருங்கள். ரீஅலாக் திருப்பித் தருவதை நேராகப் பழைய சுட்டியிலேயே இடாமல் வேறொரு சுட்டியில் வாங்கிச் சோதியுங்கள், ஏனெனில் இடம் கிடைக்காதபோது அது 'நல்' சுட்டியைத் தரும், பழைய அணியை விடுவிக்காது, அதன் முகவரியை நீங்களே அழித்திருப்பீர்கள். பத்துப் பத்தாக வளர்த்தால் 5,000 பெயர்களுக்கு ஏறத்தாழ 500 முறை ரீஅலாக். 16-இல் தொடங்கி இரட்டிப்பாக்கினால் 9 முறையில் 8,192 உறுப்புகளுக்கு இடம் கிடைத்துவிடும்.

குத்துமதிப்பு எழுதியது:

கசிவுக்கு மட்டும் நான் சொல்கிறேன், இதில் குத்துமதிப்பு இல்லை. அணியை விடுவித்தால் சுட்டிகள் இருந்த இடம் மட்டுமே திரும்புகிறது; அவை காட்டிய பெயர்கள் அப்படியே நிற்கின்றன. மாலாக் எத்தனை முறை அழைத்தீர்களோ அத்தனை முறை ஃப்ரீயும் வேண்டும். முதலில் ஒவ்வொரு பெயரையும், கடைசியாக அணியையும் விடுவியுங்கள். வரிசையை மாற்றினால், விடுவித்த அணிக்குள்ளேயே பெயர்களின் முகவரியைத் தேட நேரும்.